ஓதெத் காருக்குக் காற்றா, ஐஸா

பெண்ணைப் பெற்றவர்கள்தான் மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய நடப்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் அந்த நியாயம் தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் நடப்பார்கள். வரதட்சணை கேட்க மாட்டார்கள், தருகிறோம் என்பார்கள். பெண் கறுப்பா சிவப்பா, சமைப்பாளா மாட்டாளா, வாய் நீளமா, எதையும் விசாரிக்க மாட்டார்கள். அவளைக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் நேஷனாலித்தே, அதாவது அந்தக் குடியுரிமை, வரும், வந்தால் பாரீசுக்குப் பறக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு வயது வரை இந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து ஓதெத்துக்கு அலுத்துவிட்டது. அப்பா ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து, இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் சுற்றிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அந்த வழியில் வந்த குடியுரிமை. அம்மா காலமாகி வெகுநாளாயிற்று. அப்பாவின் அக்கா மார்கரீத்தான் மாப்பிள்ளை இலாகாவைக் கவனித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் யாராவது ஒருவனை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவாள். வருகிறவன் ஓதெத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுவான். பிறகு பாரீசில் குளிர் எப்படி, சம்பளம் எப்படி என்று அப்பாவிடம் கேட்பான். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அந்த வீட்டுக்கு ஒரு கார் வந்து சேர்ந்தது. ஓதெத்தின் தம்பி ஷார்ல், ஊரோடு வந்துவிடப் போவதாகச் சொல்லிப் பிரான்சிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கார். ஆறே மாதத்தில் வெயில் தாங்காமல் அவன் திரும்பி ஓடிவிட்டான். கார் அக்காவிடம் தங்கிவிட்டது. வெள்ளை நிறம், இரண்டே கதவு, எலுமிச்சம்பழம் போலச் சின்னது. உள்ளே ஷார்ல் தன் கையாலேயே பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தியிருந்தான். டர்போ என்பது வேறொன்றுமில்லை, காற்றை அழுத்தி அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி. நிறையக் காற்று போனால் நிறையப் பெட்ரோல் எரியும், கார் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

ஓதெத் ஒரு பிரெஞ்சு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். விரல்களுக்கே வேகம் அதிகம், கால் சும்மா இருக்குமா? கார் கைக்கு வந்த முதல் நாள் விடியற்காலையில் கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம் தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். முதுகை யாரோ பின்னாலிருந்து இழுத்துச் சீட்டோடு ஒட்டியது மாதிரி இருந்தது. ஓதெத் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் நிறுத்தத் தெரியாது. சாலையோரத்தில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

திரும்பி வரும்போது மணி பதினொன்று. அதே கார் இரும்பைக் கட்டி இழுப்பதுபோல வந்தது. ஏற்றத்தில் இன்ஜினுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடான காற்று விரிந்துபோகும், உள்ளே போகிற அளவு குறையும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். நடுவில் ஒரு பெட்டி வைத்து அந்தக் காற்றைக் குளிரவைக்க வேண்டும், அதற்குப் பெயர் இன்டர்கூலர். ஷார்ல் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். “ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, மூஞ்சியில பெருசா மாட்டுறது, எதிர்க்காத்து பட்டு ஆறும். இன்னொண்ணு சின்னது, இன்ஜின் பக்கத்துலயே வெச்சு, சுத்தித் தண்ணிய ஓடவுட்டு ஆத்துறது. எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க.”

காற்றா, தண்ணீரா? ஓதெத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“ஏன்டி, காரு காருன்னு அலையுறியே, காரா உனக்குத் தாலி கட்டப் போவுது?” என்றாள் மார்கரீத் அத்தை. அந்த வாரமே கடலூரிலிருந்து ஒரு வங்கிக்காரரை வரவழைத்தாள். ஓதெத்துக்கு மனசெல்லாம் பெட்டியில் இருந்தது. வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் பானட்டைத் திறந்து காட்டினாள்.

“இதுக்குக் காத்துல ஆறுற பெட்டி போடலாம்னு பாக்குறேன். நீங்க இன்னா சொல்றீங்க?”

“காத்துதாங்க. காத்து மாதிரி வராது.”

“தண்ணிப் பெட்டியே போட்டுடலாம்னும் தோணுது.”

“நானும் அதாங்க நெனச்சேன். தண்ணிதான் நல்லது.”

“ரெண்டுமே வேணாம், இப்படியே வுட்டுடலாமா?”

“வுட்டுடலாங்க. நல்லாத்தான இருக்குது.”

ஓதெத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வருகிற எல்லாரையும் பானட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். காரைக்காலிலிருந்து வந்த வாத்தியார், வில்லியனூர் மிராசுதார் மகன், கப்பல் வேலைக்காரர் ஒருவர். எல்லாரும் அவள் காற்றென்றால் காற்று என்றார்கள், தண்ணீரென்றால் தண்ணீர் என்றார்கள். ‘இதில் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா’ என்று ஒருவரிடம் கேட்டுப் பார்த்தாள். தலைக்கே நல்லதாச்சே என்றார் அவர். சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் நடித்துக் காட்டி அப்பாவுக்குப் புரையேற வைத்தாள். ஆனால் சிரித்து முடித்தபின் மனசுக்குள் ஒரு வெறுமை உட்கார்ந்துகொள்ளும். இத்தனை ஆண்களில் ஒருவனுக்காவது தான் கண்ணில் படவில்லையே என்று வலிக்கும். பாஸ்போர்ட்டிடம் யார் சண்டை போடுவார்கள்?

கடைசியில் காற்றுப் பெட்டி என்று அவளே முடிவுகட்டினாள். குழாய் பற்றவைக்க ஆள் வேண்டும். ஃபிரிட்ஜும் ஐஸ் மெஷினும் ரிப்பேர் செய்கிற சாமிக்கண்ணு முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறான், பற்றவைத்தால் காற்றுகூடக் கசியாது என்றார்கள். முப்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவன். பெண் பார்க்கப் போன வீடுகளில் அவர்கள் ஃபிரிட்ஜை வைத்த இடம் தவறு என்று மாமனாராக வேண்டியவர்களிடமே வாதம் செய்து, சம்பந்தங்களை முறித்துக்கொண்டவன் என்று பின்னால்தான் தெரிந்தது.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை இது: “தப்பு.”

“எது தப்பு?”

“காத்து. ஊரே அனலா கொதிக்குது. டீய ஆத்த வெந்நியா ஊத்துவாங்க? ஐஸுத் தண்ணிய ஓடவுடுங்க மத்மசேல்.”

“டர்போவுலேந்து வர்ற காத்து நூறு டிகிரிக்கு மேல. வெளிய நாப்பது. நாப்பது நூறை ஆத்தாதா?”

“ஆத்தும். நாப்பது வரைக்கும்தான் ஆத்தும். ஐஸு பூஜ்யம்.”

“ஐஸு கரைஞ்சா?”

“வேற ஐஸு போடுறது.”

“நடு ரோட்டுல ஐஸுக்கு எங்க போவேன்? காரு பின்னாலயே ஐஸு வண்டி வருமா?”

“வரும். நான் வர்றேன்.”

“நான் போற வேகத்துக்கு உங்களால வர முடியாது.”

“காத்துப் பெட்டி மாட்டுனீங்கன்னா, சைக்கிள்லயே வந்துடுவேன்.”

ஓதெத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. விடுவிடுவென்று வெளியே வந்தாள். தெருமுனை வரை போனவளுக்குத் திடீரென்று உறைத்தது. ஒரு ஆண் தன்னைப் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட்டான்! நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அப்படியே திரும்பிப் போனாள்.

“காத்துப் பெட்டி செய்வீங்களா மாட்டீங்களா?”

“செய்யறேன். ஆனா தப்புன்னு சொல்லிக்கிட்டேதான் செய்வேன்.”

சொன்னபடியே செய்தான். உழவர்கரையில் உடைந்த லாரிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் நல்லதாக ஒரு கூலர் பெட்டி கிடைத்தது. அதைக் காரின் மூஞ்சியில் வைக்க முன் பம்பரை வெட்ட வேண்டியிருந்தது. குழாய்கள் டர்போவிலிருந்து மூக்குவரை போய், மூக்கிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வந்தன. ஒவ்வொரு வளைவைப் பற்றவைக்கும்போதும் சாமிக்கண்ணு தப்பு என்றான். ஓதெத் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சரி என்றாள். அலுவலகம் விட்டால் அவள் கால் தானாக முத்தியால்பேட்டைக்குப் போயிற்று. வேலை முடிந்த பிறகும் வாதம் முடியவில்லை. வாதம் முடிந்துவிடக்கூடாதே என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. ஆமாம், காதல்தான். அதை அவள் தனக்குள் மறைக்கவுமில்லை.

லாஸ்பேட்டைப் பக்கம் விமானம் வராத பழைய ஓடுபாதை ஒன்று இருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கேதான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள். ஞாயிறு காலை ஒகுஸ்த் பட்டாளத்துத் தொப்பியும் விசிலுமாக நடுவராக வந்து நின்றார். காற்றுப் பெட்டியோடு கார் ஒழுங்காக ஓடியது. வெயில் ஏறியும் சளைக்கவில்லை, இன்ஜினில் தட்டுகிற சத்தமும் இல்லை. ஆனால் குழாய் நீளமல்லவா, மிதித்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது.

“மிதிச்சா கௌம்பணும். இது தாலுகா ஆபீஸ் மாதிரி நாளைக்கி வான்னுது,” என்றான் சாமிக்கண்ணு.

“சரி, உங்க ஐஸப் பாக்கலாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் தன் பெட்டியைச் செய்து முடித்தான். உள்ளங்கை அகலத்தில் சின்னப் பெட்டி, இன்ஜினை ஒட்டியே. பின் சீட்டை எடுத்துவிட்டு, தெர்மகோல் பதித்த மரப்பெட்டியில் மீன்பிடிப் படகுக்குப் போடுகிற ஐஸ் நிறைத்தான். சின்னப் பம்பு ஒன்று அந்த ஐஸ் தண்ணீரை இழுத்துச் சுற்ற வைத்தது. காருக்குள் வஞ்சிரமீன் வாசனை. பெட்டியை மூடுவதற்குமுன், யாரும் கேட்காமலேயே, மரக்காணத்துக் கல்லுப்பு ஒரு மூட்டையை அதில் கவிழ்த்தான்.

“எதுக்கு உப்பு?” என்றாள் ஓதெத்.

“குல்ஃபிக்காரன் பானையில எதுக்குப் போடுறான்? உப்பு போட்டா ஐஸு பூஜ்யத்துக்கும் கீழ எறங்கும். இன்னிக்கி உங்க காத்து காலி.”

கோட்டில் காரை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டாயிற்று. விசிலடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சாமிக்கண்ணு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒகுஸ்துக்கு ஐஸின் மகிமையை விளக்க ஆரம்பித்தான். விளக்கினான், விளக்கிக்கொண்டே இருந்தான். கடல் பக்கத்து ஊர், பனி விழுகிற மாசி மாதக் காலை. ஐஸ் சொம்பின் வெளியே வேர்ப்பதுபோல, அந்தப் பெட்டிக்குள் போன ஈரக்காற்று முழுவதும் வேர்த்து, உறைந்து, வழிந்து தேங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு வழியாக ஒகுஸ்த் விசில் ஊதினார். ஓதெத் மிதித்தாள். கார் புலியாகப் பாய்ந்தது, ஒரு நொடி. தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே மடக்கில் இன்ஜினுக்குள் போயிற்று. கார் தும்மியது, இருமியது, பின்குழாயில் கொப்புளித்துத் துப்பியது, ஓடுபாதை நடுவே நின்றுவிட்டது.

“மொந்தியே, கடவுளே! காருக்கு ஜலதோஷம்!” என்று ஒகுஸ்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓதெத்தும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். சாமிக்கண்ணு தலைதெறிக்க ஓடிவந்தான். பானட்டைத் திறந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

“நீங்க சொன்னதுதான் சரி மத்மசேல். காத்துதான்.”

ஓதெத்தின் சிரிப்பு நின்றது. அந்தக் குரலை அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறாள். நீங்க சொன்னதுதான் சரி, நீங்க சொன்னதுதான் சரி. இவனுமா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மார்கரீத் அத்தை கதவுக்கு வெளியே நின்றே தீர்ப்புச் சொன்னாள்.

“அவனுந்தான் எதுக்கு உனக்கு ஓசியில உழைக்கிறான்? இந்த ஊருல எவன்டி நேஷனாலித்தே வேணாம்பான்? சண்டை போட்டுப் புடிக்கலாம்னு பாத்துருக்கான், கெட்டிக்காரன்.”

அது ஓதெத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முத்தியால்பேட்டைப் பக்கமே அவள் போகவில்லை. அவனும் வரவில்லை. அத்தை இரும்பு சூடாக இருக்கும்போதே அடிக்க நினைத்து, திண்டிவனத்திலிருந்து ஒரு வக்கீலைத் தருவித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வக்கீல் கூடத்தில் உட்கார்ந்து, தட்டில் கேக், எல்லாம் முறைப்படி நடந்தது. காரைப் பற்றி ஓதெத் வாயே திறக்கவில்லை. பாரீசில் வக்கீல்களுக்கு வருமானம் எப்படி என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசல் கதவு படாரென்று திறந்தது. சாமிக்கண்ணு. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. கையில் அந்தச் சின்னப் பெட்டி, அதன் அடியில் புதிதாகப் பற்றவைத்த ஒரு வடிகுழாய். வக்கீல் உட்கார்ந்திருந்தது அவன் கண்ணிலேயே படவில்லை.

“நீங்க சொன்னது சரின்னு அன்னிக்கி சொன்னேன் பாருங்க, அது தப்பு!” என்று கத்தினான். “உப்புதான் தப்பு, ஐஸு தப்பில்ல! நான் பேசிக்கிட்டே நின்னதும் தப்பு! நீங்க பேசாம வுட்டுட்டுப் போனதும் தப்பு! ஒரு வாட்டி தோத்தா ஆளு அவ்ளோதானா? ராவெல்லாம் தூக்கமில்ல எனக்கு. சண்டை போட ஆளில்லாம பட்டறையே வெறிச்சுனு கெடக்குது!”

ஓதெத் எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்குறேன், பட்டுனு சொல்லணும். பிரான்சுக்குப் போவணும்னு ஆசையா உங்களுக்கு?”

சாமிக்கண்ணு விழித்தான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

“அங்க எதுக்கு? அங்க தெருவுலயே ஐஸு விழுதாம். என் பொழப்பு இன்னாவறது?”

ஓதெத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. நாற்காலியைப் பிடித்தாள், சுவரைப் பிடித்தாள், கடைசியில் சாமிக்கண்ணுவின் கரிபிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். ஒகுஸ்த் பேசாமல் விசிலைத் தேடப் போனார்.

எல்லாருமாக லாஸ்பேட்டைக்குப் போனார்கள். வக்கீலும் வந்தார். அவரைப் போ என்று சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். சாமிக்கண்ணு பெட்டியை மாட்டி, வெறும் ஐஸை நிரப்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றான். இந்த முறை கார் மிதித்த கணமே கிளம்பியது. ஒகுஸ்தின் தொப்பி காற்றில் பறந்தது. முதல் ஓட்டத்தில் ஐஸ், காற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. இரண்டாவதிலும் அப்படித்தான். சாமிக்கண்ணு கையை எடுத்துவிட்டு ஊளையிட்டான். ஓதெத் விடவில்லை, மறுபடி மறுபடி ஓட்டினாள். ஐஸெல்லாம் வெதுவெதுப்பான மீன்குழம்புத் தண்ணீரானது. கார் சோர்ந்துபோய், பழைய கதவுதட்டும் சத்தத்தோடு வந்து நின்றது.

“ஒரு கிலோமீட்டருக்கு உங்க ஐஸுதான்,” என்றாள் இறங்கி. “ஆனா நான் ஒரு கிலோமீட்டர்ல நிக்கிறவ இல்ல. கடலூரு போவேன், செதம்பரம் போவேன். எனக்குக் காத்துதான்.”

“தப்பு,” என்றான் சாமிக்கண்ணு, முகமெல்லாம் பல்லாக. “வழி நெடுக ஐஸு கடை இருக்குது.”

“நீங்க சொல்றதும் சரிதான், அவங்க சொல்றதும் சரிதான்,” என்றார் வக்கீல்.

காருக்குக் காற்றுப் பெட்டியே நிலைத்தது. எண்பத்தாறில் ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். பம்பர் வெட்டிய அந்தக் காரில்தான் கோவிலிலிருந்து வந்தார்கள். “காத்தத் தேர்ந்தெடுத்துட்டு ஐஸுக்காரனக் கட்டிக்கிட்டா,” என்று மார்கரீத் அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள். வந்தவர்கள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போது பாரீஸ் என்றார்கள்.

அங்கேதான் ஊர் வாயடைத்துப்போனது. கல்யாணத்தைப் பதிந்து, நேஷனாலித்தேவுக்கு ஒரு மனு எழுதிப்போட்டால் போதும். சாமிக்கண்ணு மனுவும் போடமாட்டேன், போகவும் மாட்டேன் என்றுவிட்டான். ஊரெல்லாம் தவமிருக்கிறது, வீட்டுக்குள் வந்த வரத்தை ஒருவன் வேண்டாம் என்கிறான். ஒகுஸ்த் பட்டாள அதிகாரத்தில் கட்டளையிட்டுப் பார்த்தார். அத்தை அழுது பார்த்தாள். முத்தியால்பேட்டையில் அவனுக்குப் புத்தி சரியில்லை என்றே பேசிக்கொண்டார்கள்.

ஓதெத்தும் அவனோடு மல்லுக்கட்டினாள், ஒப்புக்கு அல்ல. பிள்ளை பிறந்தபின் நியாயமாகவே எடுத்துச் சொன்னாள். “எதுக்காவது ஆவும், ஒரு பாதுகாப்பு. வாங்கித்தான் வையேன். போவணும்னு யாரு சொன்னா?”

“தப்பு. வாங்கி வெச்சா ஒரு நாளு போவத் தோணும்.”

“தோணுனா போலாம்.”

“நீ போ. ரெண்டு வாரத்துல திரும்பி வந்துடு. நான் இங்கதான் இருப்பேன்.”

ஆண்டுக்கு ஆண்டு இந்தச் சண்டை நடந்தது. சத்தம் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும். அவள் காரணம் அடுக்குவாள், அவன் ஒவ்வொன்றையும் தட்டிவிடுவான், அவள் குரலை உயர்த்துவாள். ஆனாலும் பேச்சின் நடுவில் அவன் கொஞ்சம் யோசிப்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டால், ஓதெத்துக்கு மூச்சு நின்றுவிடும். சரி என்று சொல்லிவிடுவானோ? அவன் தலையை ஆட்டி, “தப்பு,” என்பான். அவள் கோபமாகப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.